மனை, லோன், லக்கி டிரா: தொல்லை அழைப்புகளை நிறுத்த எந்த வழி எடுபடும்?

புதுச்சேரியில் செல்போன் வைத்திருப்பவரை வில்லியனூர் பைபாஸ் பக்கம் மனை வாங்கச் சொல்லி யாராவது கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். "பி.பி.ஏ. (புதுச்சேரி திட்டக் குழுமம்) அப்ரூவ்டு சார், இன்னைக்கு புக் பண்ணா ஒரு கிராம் கோல்டு காயின்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத்தான் "பேசலாங்களா சார்?" என்று கேட்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்காவுக்கு லோன் அழைப்புகள். பையன் பிளஸ் டூ எழுதிய வருஷம் அதோடு காலேஜ் அட்மிஷனும் சேர்ந்துகொண்டது.

இதை நிறுத்த நாலைந்து வழி புழக்கத்தில் இருக்கிறது. "1909-க்கு மெசேஜ் போடு" என்பார் ஒருவர். "அதெல்லாம் வேஸ்ட், ட்ரூகாலர் போடு" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் பாதி சரி. கூப்பிடுகிறவர்கள் மூன்று ரகம், ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு ரகத்தைத்தான் தடுக்கும். முறைப்படி பதிவு செய்து 140-ல் தொடங்கும் எண்ணில் இருந்து விற்பவர்கள் முதல் ரகம். சாதாரண பத்து இலக்க சிம்மில் இருந்து பேசும் மனை புரோக்கர், லோன் ஏஜென்ட் இரண்டாவது. மூன்றாவது, "உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, போலீஸ் கேஸ் ஆயிடுச்சு" என்று மிரட்டும் மோசடிக்காரர்கள்.

1909: சும்மா கிடைக்கும் வழி, ஆனால் பாதி வழி

ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 0 போட்டு 1909-க்கு அனுப்பினால் விளம்பர அழைப்பு, மெசேஜ் அனைத்துக்கும் தடை கேட்டதாகப் பதிவாகும். அந்த எண்ணுக்கு போன் செய்தும் சொல்லலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் இன்னும் 0413 லேண்ட்லைன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இரண்டாவது முறைதான் தோது. வங்கி விளம்பரம் வேண்டாம், மருத்துவம் மட்டும் வரட்டும் என்று பிரித்துக் கேட்கவும் வழி உண்டு. அதை மெசேஜில் செய்வதைவிட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டி.என்.டி. ('தொந்தரவு செய்யாதே') ஆப்பிலோ, உங்கள் நெட்வொர்க்கின் ஆப்பிலோ செய்வது சுலபம்.

இதனால் நிற்பது முதல் ரகம் மட்டும்தான். 140 எண்காரர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும், பெரும்பாலும் பார்க்கவும் செய்கிறார்கள். பத்து இலக்க எண்ணில் பேசும் புரோக்கர் எந்தப் பட்டியலையும் பார்ப்பதில்லை. "டி.என்.டி. போட்டும் கால் வருதே" என்ற புகாரின் காரணம் இதுதான்.

பலர் கண்டுகொள்ளாத இன்னோர் ஓட்டையும் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு நீங்களே சம்மதம் கொடுத்திருந்தால் டி.என்.டி. அதைத் தடுக்காது. அந்தச் சம்மதம் எப்போது கொடுத்தோம் என்று நமக்கு நினைவிருக்காது. பொருட்காட்சி வாசலில் லக்கி டிரா கூப்பனை நிரப்பியபோது கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கும்.

ஆனால் 1909-ஐ வேஸ்ட் என்று தள்ளுகிறவர்கள் அதன் இரண்டாவது பாதியைப் பயன்படுத்துவதே இல்லை. அது புகார். 2018-ஆம் ஆண்டு விதிகளை டிராய் 2025 பிப்ரவரியில் திருத்தியது. முன்பு அழைப்பு வந்த மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், இப்போது ஏழு நாள் வரை கொடுக்கலாம். பதிவு செய்யாமல் விற்பவர்மேல் புகார் கொடுக்க நீங்கள் டி.என்.டி.யில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போய்விட்டது. பத்து நாளுக்குள் ஓர் ஆள்மேல் ஐந்து புகார் சேர்ந்தால் நடவடிக்கைக்கு வழி உண்டு. பழைய கணக்கு ஏழு நாளில் பத்து புகார். முதல் முறை மாட்டினால் வெளியே பேசும் வசதி 15 நாளுக்கு முடங்கும். மறுபடி மாட்டினால் அவர் பெயரில் உள்ள இணைப்புகள் அத்தனையும் ஒரு வருஷத்துக்குப் போகும். இது வெறும் காகித மிரட்டலும் இல்லை. 2024 ஆகஸ்டில் டிராய் கண்டிப்பு காட்டிய சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களும் இணைப்புகளும் துண்டிக்கப்பட்டன.

புகாருக்கு வேண்டியது மூன்றே விஷயம்: கூப்பிட்ட எண், தேதி, என்ன விற்றார்கள் என்று ஒரு வரி. 'மனை விற்பனை, லொகேஷன் வில்லியனூர்' என்றால் போதும். ஒரே புரோக்கர் ஒரே அபார்ட்மென்டில் பத்து வீட்டுக்குக் கூப்பிடுகிறார் என்றால் அதில் ஐந்து வீடு புகார் கொடுப்பது பெரிய காரியமில்லை. குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் படத்துக்கு நடுவே அந்த எண்ணையும் ஒருமுறை போட்டுவிடலாம்.

ட்ரூகாலர்: பெயர் தெரியும், அதற்கொரு விலை உண்டு

1909 தொடாத இரண்டாவது ரகத்தை அடையாளம் காட்டுவதில் இந்த ஆப்தான் கெட்டிக்காரன். சுவீடன் நிறுவனம், 2009-ல் தொடங்கியது. 'லோன் ஏஜென்ட்', 'ஸ்பாம்' என்று சிவப்பில் காட்டிவிடும், எடுக்காமல் விடலாம்.

ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் போனில் இதைப் போட எனக்கு மனம் வரவில்லை. முழுதாக வேலை செய்ய கான்டாக்ட், கால் விவரம், மெசேஜ் என்று வரிசையாக அனுமதி கேட்கிறது. காட்டும் பெயர் பெரும்பாலும் மற்ற பயனாளர்கள் தந்த தகவலில் இருந்து வருவது. கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பியின் எண்ணை நாலு பேர் கோபத்தில் ஸ்பாம் என்று குறித்தால் அவரும் சிவப்பில்தான் வருவார். பணம் கட்டாத ஆப்பில் விளம்பரம் வேறு. விளம்பரத் தொல்லைக்காக ஓர் ஆப் போட்டு, அதிலும் விளம்பரம் பார்ப்பது என்ன நியாயமோ! உங்கள் எண் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டாம் என்றால், கணக்கை மூடிவிட்டு அவர்களின் தளத்திலேயே நீக்கக் கேட்கலாம்.

இதே வேலையை இப்போது நெட்வொர்க்கே ஓரளவு செய்கிறது. ஏர்டெல் 2024 செப்டம்பரில் இருந்து சந்தேகத்துக்குரிய அழைப்புகளைத் திரையில் எச்சரிக்கிறது. 2025-ல் ஆண்ட்ராய்டு போன்களில் அந்த எச்சரிக்கை தமிழிலும் வரத் தொடங்கியது. தனி ஆப் வேண்டாம், அனுமதி வேண்டாம். அம்மாவுக்கு 'ஸ்பாம்' என்ற சொல்லைப் பாடம் எடுப்பதைவிட இது மேல். எச்சரிக்கும், தடுக்காது, அவ்வளவே.

தெரியாத எண்ணை ஊமையாக்குவது

ஐபோனில் 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் போனுக்குப் போன் வேறு பெயரில் இருக்கும். இதைப் போட்டுவிட்டால் மூன்று ரகமும் ஒரேயடியாக அடங்கிவிடும். அந்த வகையில் எல்லாவற்றையும்விட பலமான வழி இதுதான்.

நம் ஊருக்கு இதை முழுநேரமும் போட்டு வைக்கச் சொல்ல மாட்டேன். ஜிப்மரில் இருந்து ஒரு அழைப்பு வந்தாலும் தெரியாத எண்தான், கூரியர்காரரும் தெரியாத எண்தான். மழைக்காலம் அதைவிட முக்கியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது ஊரே இருட்டு. சார்ஜ் தீர்ந்தவர்கள் பக்கத்து வீட்டு போனை வாங்கித்தான் "பத்திரமா இருக்கோம்" என்று சொன்னார்கள். அந்த இரவில் தெரியாத எண்ணை ஊமையாக்கி வைத்திருந்த பிள்ளைக்கு அந்தத் தகவல் போய்ச் சேர்ந்திருக்காது. புயல் சின்னம் உருவானதும் முதலில் அணைக்க வேண்டிய செட்டிங் இது. மற்றபடி மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு மணிநேரம் போட்டுக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் அழைப்பு வேறு கதை. டிராய் விதிகள் அங்கே செல்லாது. 2023-ல் வாட்ஸ்அப்பிலும் தெரியாதவர் அழைப்பை ஊமையாக்கும் வசதி வந்தது. அதைத் தயங்காமல் போட்டு வையுங்கள். சிலிண்டர்காரர் வாட்ஸ்அப்பில் கூப்பிடப் போவதில்லை.

தனி சிம், அல்லது எண்ணையே கொடுக்காமல் இருப்பது

கடைக்கும் கூப்பனுக்கும் ஒரு சிம், வீட்டுக்கும் வங்கிக்கும் இன்னொன்று என்று சிலர் வைத்திருக்கிறார்கள். இரண்டு சிம் போடும் போன் இருந்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டாவது சிம்முக்கும் ரீசார்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 90 நாள் பயன்பாடே இல்லாமல் விட்டால் இணைப்பு கைவிட்டுப் போகலாம், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும். அதனால் வங்கியையோ ஆதாரையோ அந்த எண்ணில் இணைக்கவே கூடாது.

எண்ணைக் கொடுக்காமல் இருப்பது செலவில்லாதது, ஆனால் கொஞ்சம் வாய் வேண்டும். நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் பெண் "நம்பர் சொல்லுங்க சார்" என்றார். "வேணாம்மா" என்றேன். "நம்பர் இல்லாம பில் வராதே சார்" என்றார். "சும்மா பத்து பூஜ்யம் போடுங்க" என்றதும் அவர் சிரித்துக்கொண்டே ஏதோ ஒன்றைத் தட்ட, பில் வந்துவிட்டது. எண் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. அந்தப் பெண்ணோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கு மேலிடத்து உத்தரவு. மெதுவாகச் சொன்னாலே நடக்கும்.

காகிதக் குப்பை

இதில் ஒப்பிட அதிகம் இல்லை, காகிதத்துக்கு 1909 மாதிரி ஒரு பட்டியல் நம் நாட்டில் கிடையாது. பேப்பருக்குள் இருந்து விழும் நோட்டீஸ்களை விடிகாலையில் சொருகுவது பேப்பர் ஏஜென்ட் தரப்பு, அவரிடம் சொல்லிப் பார்க்கலாம். அது அவருக்குக் கூடுதல் வரும்படி என்பதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பங்கு வைத்திருப்பவர்கள் டீமேட் கணக்கில் இமெயில் பதிந்தால் தடித்தடியான ஆண்டறிக்கைகள் குறையும். பெயர் போட்டு வரும் விளம்பரத் தபாலைப் பிரிக்காமல் 'வாங்க மறுப்பு' என்று எழுதி தபால்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

எந்த வீட்டுக்கு எது

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 1909-ல் முழுத் தடையும், நெட்வொர்க் எச்சரிக்கையும் போதும், ஆப் வேண்டாம். வங்கியில் இருந்து என்று சொல்லிக்கொண்டு பத்து இலக்க எண்ணில் யார் பேசினாலும் வைத்துவிடச் சொல்லுங்கள். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்றே 1600 வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கடை வைத்திருப்பவர், மெக்கானிக், டியூஷன் எடுப்பவருக்குத் தெரியாத எண்தான் சோறு போடுகிறது. அவர்கள் ட்ரூகாலர் வைத்துக்கொள்வதில் நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது ரகத்துக்கு மட்டும் 1909 சரியான இடம் இல்லை. மோசடி என்று சந்தேகம் வந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பணம் கைமாறிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் வங்கியில் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.