ஆல்டர்னேட்டர் கோளாறும் 200 ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டரும்

சென்னை ரிச்சி தெருவில் 200 ரூபாய்க்குக் கிடைக்கும், கம்பெனிப் பெயர் அச்சிடப்படாத, 830 வகை மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டரை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அண்மையில் என்னுடைய பன்னிரண்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் காரில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் பழுதானபோதுதான் இந்தக் கருவி உண்மையில் எதற்குப் பயன்படும், எந்த இடத்தில் நம்மை ஏமாற்றும் என்பது தெளிவாக விளங்கியது.

கோளாறு ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரவில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மீண்டும் பளிச்சென்று எரியும். டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு முழுதாக எரியாமல், இருட்டில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கலாக ஒளிர்ந்தது. காலையில் வண்டி எடுக்கத் திணறியதும் ஒரு கடையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். புதுப் பேட்டரியும் பத்தாம் நாள் காலையில் படுத்துவிட்டது. சார்ஜ் ஏறுகிறதா என்று ஒரே ஒரு முறை அளந்து பார்த்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும் என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு விளக்கு, ஃபேன், இக்னிஷன் அனைத்துக்கும் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர்தான் என்பதால், அது தளர்ந்துவிட்டால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை.

அளக்கும் முறை எளிது. குமிழை நேர்மின் (DC) பகுதியில் 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் டெர்மினலிலும் கறுப்பு முனையை மைனஸிலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 காட்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால், மின்னழுத்தத்தை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்து பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்று பொருள். என் காரில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, 13.1 தான் வந்தது. ஹெட்லைட்டையும் ஏ.சி. புளோயரையும் முழு வேகத்தில் போட்டதும் 12.2-க்கு இறங்கி, கண் முன்னாலேயே கடைசி இலக்கம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போயிற்று. தேவையான மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தராமல் பேட்டரியே கரைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் புதிய வண்டிகளில் மட்டும் இந்த அளவுகள் வேண்டுமென்றே மாறும். அங்கே ஒரு முறை அளந்ததை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது.

அதன் பிறகு, பலரும் தவிர்த்துவிடுகிற ஒரு சோதனையையும் செய்தேன். எஞ்சினும் விளக்குகளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் தடித்த ஒயர் ஏறும் போல்ட்டில் ஒரு முனையையும் பேட்டரி பிளஸில் மறுமுனையையும் வைத்து, 2000 மில்லிவோல்ட் அளவில் பார்த்தேன். 80 காட்டியது. 200, 300-க்கு மேல் போனால் ஒயரோ இணைப்போ கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். என் காரில் ஒயர் சரியாக இருந்ததால் பழுது ஆல்டர்னேட்டருக்கு உள்ளேதான் என்று உறுதியானது. இவ்வளவு சிறிய வேறுபாட்டை 200 ரூபாய்க் கருவி நம்பகமாகக் காட்டியது உண்மையிலேயே பாராட்டுக்குரியது.

இனிக் குறைகள். முதலாவதும் மிகவும் ஆபத்தானதுமான குறை, கருவிக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தேய்ந்ததும் இது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவது. முதல் நாள் காலையில், ஸ்டார்ட்டரைச் சுற்றவே திராணியில்லாத என் பேட்டரியை இது 13-க்கு மேல் என்று காட்டியது. 9 வோல்ட் பேட்டரியை மாற்றியதும் 12.1 ஆயிற்று. திரையில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பென்சில் செல்லை அளந்து, 1.6-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்த்த பிறகே காருக்குப் போகிறேன்.

இரண்டாவது, இதன் மாறுமின் (AC) அளவு காருக்கு உதவாது. ஆல்டர்னேட்டரில் மாறுமின்னை நேர்மின்னாக மாற்றும் டயோடு கெட்டால் நேர்மின்னில் மாறுமின் அலை கலக்கும். நல்ல மீட்டர்கள் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டும். இந்தக் கருவியோ நேர்மின்னையே மாறுமின் என்று எண்ணி, 14 வோல்ட்டை 30-ஐ ஒட்டிய எண்ணாகக் காட்டுகிறது. முனைகளை மாற்றி வைத்தால் பூஜ்யம். அதை நம்பி டயோடு போய்விட்டது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

மூன்றாவது, 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் இல்லை. ஒரு நாள், வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து கசியும் மின்சாரத்தை அந்தத் துளை வழியாக அளந்துவிட்டுச் சிவப்பு ஒயரை அதே துளையில் மறந்து வைத்தபடி பேட்டரியில் தொட்டேன். படீரென்று தீப்பொறி பறந்து, முனையின் நுனி உருகிக் குழி விழுந்தது. வேலை முடிந்ததும் அந்த ஒயரைக் கழற்றிவிடுவது கட்டாயம்.

பழுது பார்க்கும் வேலைக்கு வருவோம். தடித்த ஒயரில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருப்பதால், முதலில் மைனஸ் டெர்மினலைக் கழற்றினேன். பெல்ட்டைத் தளர்த்தி ஆல்டர்னேட்டரை இறக்கிப் பின்மூடியைத் திறந்தபோது கரித்தூள் கொட்டியது. இரண்டு கார்பன் பிரஷ்களில் ஒன்று 9 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க, மற்றொன்று 3 மி.மீ. கூட இல்லை. அது தண்டிலுள்ள உலோக வளையத்தைச் சரியாகத் தொடாததால், சுழலும் பாகமான ரோட்டருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை; காந்தப்புலம் வலுவிழந்ததால் சார்ஜும் ஏறவில்லை. வளையங்கள் இரண்டுக்கும் இடையில் மீட்டர் 3.1 ஓம் காட்டியது. முனைகளைத் தம்முள் தொட வைத்தால் வரும் 0.6-ஐக் கழித்தால் 2.5, ரோட்டர் நலம். வளையத்துக்கும் தண்டுக்கும் இடையில் தொடர்பில்லை. டயோடு அளவில் ஒவ்வொரு டயோடும் ஒரு பக்கம் 500-ஐ ஒட்டியும் மறுபக்கம் தொடர்பில்லாமலும் காட்டியது. ரெகுலேட்டரோடு சேர்ந்த பிரஷ் செட்டைப் பழையதைக் காட்டி 700 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். இப்போது ஐடிலில் 14.2, எல்லா விளக்கும் போட்டால் 13.9.

பேரிங் ஊளையிட்டாலோ காயில் கருகிய வாடை வந்தாலோ இந்த வழி போதாது. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவதே சரி. அவர் எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்க முனைந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் எழும் மின்னழுத்தம் 100 வோல்ட்டைக்கூட நெருங்கி, காரின் மின்னணுப் பாகங்களைப் பொசுக்கிவிடக்கூடும்.

வோல்ட், ஓம், டயோடு ஆகிய மூன்றுக்கும் இந்த மீட்டரைத் தயங்காமல் வாங்கலாம். ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள், ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்க வேண்டும். அதுவும் நேர்மின்னை அளக்கக்கூடியதா என்று கடையிலேயே ஒரு பேட்டரி ஒயரில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப்புகளில் பெரும்பாலானவை மாறுமின்னை மட்டுமே அளக்கும்.