பிரதிவாதி இருக்கும் ஊரா, காரியம் நடந்த ஊரா: வழக்கை எங்கே போடுவது?

பண வழக்கு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இரண்டு வழி விடுகிறது. பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊர் ஒன்று. வழக்குமூலம், அதாவது வழக்குப் போடக் காரணமான காரியம், முழுதாகவோ ஓரளவாவதோ எழுந்த ஊர் இன்னொன்று. வாதி அங்கே குடியிருக்கிறார் என்பது மட்டும் போதாது. (நுகர்வோர் புகாருக்கு அப்படியில்லை, 2019 சட்டப்படி புகார்தாரர் தன் ஊரிலேயே போடலாம்.)

பலரும் கேட்பது இரண்டாவதைத்தான். ஒப்பந்தம் கையெழுத்தான இடம், சரக்கை ஒப்படைத்த இடம் எல்லாம் இதில் சேரும். சாட்சிகளும் பக்கத்தில் இருப்பார்கள். ஆனால் "இங்கே எதுவுமே நடக்கவில்லையே" என்று எதிர்த்தரப்பு ஆரம்பத்திலேயே ஆட்சேபம் கிளப்பும். பிரதிவாதியின் ஊரில் அந்தப் பேச்சு எடுபடாது. தவிர, ஜப்தி செய்யவேண்டிய சொத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வேறு ஊரில் வாங்கிய தீர்ப்பாணையை 39-ஆம் பிரிவின்படி அங்கே மாற்றி, பிறகுதான் நிறைவேற்று மனு. கடனுக்குப் பத்திரம் பலமாக இருந்தால் பஸ் செலவைப் பாராமல் பிரதிவாதி ஊருக்கே போகலாம் என்பது என் கட்சி. என்ன நடந்தது என்பதே தகராறு என்றால் சாட்சிகள் இருக்கும் ஊர்தான் சரி.

மூன்றாவதாக, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வழக்கென்றால் இங்கேதான் என்று பொடி எழுத்தில் ஒரு ஊர் பெயர் இருக்கும். அதைப் பார்த்துப் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். அதிகாரம் உள்ள நீதிமன்றங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாமே தவிர, இல்லாத அதிகாரத்தைச் சம்மதத்தால் உண்டாக்க முடியாது என்று 1971-லேயே ஹக்கம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போடிநாயக்கனூர் கிளையில் லாரி கம்பெனியிடம் ஏலக்காய் ஒப்படைத்த வியாபாரியின் வழக்கில், பம்பாயில்தான் வழக்கு என்ற ஷரத்து 1991-ல் செல்லாமல் போனது. கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குமூலம் எழுந்தால் அந்த ஊர்தான் கணக்கு, தலைமையகம் அல்ல. அதற்காக அலட்சியமும் கூடாது: குறித்த ஊருக்கு உண்மையில் அதிகாரம் இருந்தால், 'மட்டும்' என்ற சொல் இல்லாவிட்டாலும் ஷரத்து கட்டுப்படுத்தும் என்பது 2013 ஸ்வஸ்திக் கேஸஸ் தீர்ப்பு.

நிலத் தகராறில் இந்தத் தேர்வுக்கே பெரும்பாலும் இடமில்லை. 16-ஆம் பிரிவுப்படி நிலம் இருக்கும் ஊர்தான். குர்கானில் உள்ள மனைக்காக 1988-ல் டெல்லியில் போட்ட வழக்கு ஒன்று. பிரதிவாதிகளே முதலில் டெல்லியின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் டெல்லிக்கு அதிகாரமில்லை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் முடித்தது.

இப்படி அதிகாரமில்லை என்று நீதிமன்றம் திருப்பித் தரும் பிராதை (வாதியின் வழக்கு மனுவை) உரிய நீதிமன்றத்தில் போட்டால் விசாரணை ஆரம்பத்திலிருந்து நடக்கும். தவறான நீதிமன்றத்தில் வீணான காலத்தை, வழக்குப் போடும் கெடுவைக் கணக்கிடும்போது காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கழித்துத் தரும். ஆனால் நல்லெண்ணத்தோடும் முனைப்போடும் வழக்கு நடத்தியதை வாதிதான் காட்டவேண்டும்.