சின்ன வேனா, பெரிய மோட்டார்ஹோமா? இங்கிலாந்தின் பழைய ஊர்களுக்கு எது தோது

இரண்டிலும் போய்ப் பார்த்தாயிற்று. கூரையைத் தூக்கிவிட்டுப் படுக்கிற சின்ன கேம்பர்வேனில் மூன்று பயணம். கழிப்பறை, ஷவர், கட்டில் எல்லாம் வைத்த பெரிய மோட்டார்ஹோமில் ஒரே ஒரு வார இறுதி. அதனால் பெரியதைப் பற்றி நான் சொல்கிற குறைகளில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஓட்டு சின்னதுக்குத்தான்.

வசதியில் போட்டியே இல்லை, பெரியதுதான். சின்ன வேனில், நடுராத்திரி அம்மாவுக்குக் கழிப்பறை போக வேண்டுமென்றால் டார்ச்சும் கையுமாக, வண்டிகள் ராத்தங்கும் முகாமின் மறுகோடிக்கு நடக்க வேண்டும். கூரையின் துணிச்சுவரை ஈரத்தோடு மடக்கினால், வீட்டுக்கு வந்ததும் மறுபடி தூக்கிக் காயவைக்க வேண்டும், மறந்தால் பூஞ்சை. ஒரு தடவை உள்ளேயே ரசம் தாளித்தேன். மூன்று நாள் தலையணையில் பெருங்காய வாசனை. டீசலும் வாடகையும் சின்னதுக்குக் குறைவு, அது தெரிந்ததுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது உயரம். இங்கே ஏகப்பட்ட கார் பார்க்குகளின் வாசலில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும்: 2 மீட்டர், மிஞ்சினால் 2.1. வோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் மாதிரி வேன், கூரையை மடக்கினால் கிட்டத்தட்ட 2 மீட்டர்தான். பெரியது 3 மீட்டரை நெருங்கும். நீளமும் அப்படியே: கார் நிறுத்தும் கட்டம் 4.8 மீட்டர், சின்ன வேன் 4.9, நாங்கள் எடுத்த மோட்டார்ஹோம் 7.

அந்த வார இறுதியில் கோட்டை உள்ள ஒரு சிற்றூருக்குப் போனோம். முதல் கார் பார்க்கில் கம்பி. இரண்டாவதிலும் கம்பி. மூன்றாவதற்குப் போகிற சந்தில் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு ஊர்ந்தோம். பின்னால் ஏழெட்டு கார்கள். கடைசியில் கோட்டையை ஜன்னல் வழியாகவே தரிசித்துவிட்டுத் திரும்பினோம்.

சின்ன வேனில் வெல்ஸ் (Wells) என்கிற பழைய சிறு நகரத்துக்குப் போனது வேறு மாதிரி. கார்களோடு காராக நிறுத்திவிட்டுப் பேராலயத்துக்கு நடந்தோம். உள்ளே ஒரு பழைய கடிகாரம், கால்மணிக்கு ஒருமுறை அதன்மேல் குதிரை வீரர்கள் சுற்றிவந்து மோதுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அடிவாங்கிச் சாய்கிறவன் அதே ஆள்தான்! பையனுக்காக மூன்று கால்மணி நின்றோம். அப்புறம் மதியமே 6 மைல் தள்ளி கிளாஸ்டன்பரி மடாலய இடிபாடுகள். ஒரே நாளில் இரண்டு ஊர், பார்க்கிங் பற்றி ஒரு பேச்சுகூட இல்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை, சரி. பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் இருப்பது வெட்டவெளி, பெரிய வண்டிக்கும் இடம் உண்டு, அங்கிருந்து கற்களுக்கு பஸ் விடுகிறார்கள். யார்க்கில் ரவுன்ட்ரீ பூங்காவை ஒட்டிய முகாமில் வண்டியை விட்டால் ஆற்றோரமாகவே ஊருக்குள் நடந்துவிடலாம். இப்படி ஓரிடத்தில் நான்கைந்து நாள் தங்குகிறவர்களுக்குப் பெரியதே சுகம். குளிர்காலத்துக்கும் அதுவே தேவலாம் என்று நினைக்கிறேன். நாங்கள் செப்டம்பரைத் தாண்டிப் போனதில்லை.

சின்னதை எடுப்பதானால் ஒன்று: கூரைமேல் சாமான் பெட்டி வேண்டாம். அதை மாட்டினால் 2 மீட்டர் கணக்கு போச்சு.