பழைய காருக்கு எல்இடி பல்பா, ரிலே ஒயரிங்கா?

மாருதி 800 ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் கை முதலில் எல்இடி பல்புக்குத்தான் போகிறது. இன்னொரு வழி ரிலே ஒயரிங்: பழைய சுவிட்ச் ரிலே என்ற சின்ன மின்காந்த சுவிட்சை மட்டும் இயக்கும், ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேராகப் போகும்.

செலவு: ரிலே கிட் மலிவு, உருப்படியான எல்இடி ஜோடி அதைவிடக் கூடுதல்.

வேலை: எல்இடியைச் சட்டென்று மாட்டிவிடலாம். ஆனால் பின்னாலிருக்கும் குட்டி ஃபேன் இடிக்கும், ரப்பர் மூடி சரியாக உட்காராது, மழை ஈரம் உள்ளே போகும். ரிலேக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெளிச்சம்: ரிஃப்ளெக்டர் ஹாலோஜன் இழைக்கென்றே செய்தது. எல்இடி வெளிச்சம் அதில் சிதறும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். ரிலே இருந்தால் அதே 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) ஹாலோஜன் பல்புக்கு வோல்டேஜ் குறையாமல் போய்ச் சேரும், பழைய சுவிட்சும் சூடாகாது.

இரவில் நெடுஞ்சாலை ஓட்டுபவர் ரிலேயே போடுங்கள். எல்இடி ஆசையை உள்விளக்கில் தீர்த்துக்கொள்ளலாம்.