கூண்டுக்குள் கொரில்லா, வெளியே பிணம்: நான்கு பழைய படங்களில் எதைப் பார்ப்பது?

கார்னிவலிலோ சர்க்கஸிலோ ஒரு கொலை நடக்கும். பக்கத்தில் ஒரு குரங்குக் கூண்டு இருக்கும். கொன்றது மிருகமா மனிதனா என்று தெரியாமல் போலீஸ் திணறும். இந்தக் கதை பழைய ஹாலிவுட்டுக்கு ரொம்பப் பிடித்த கதை. சமீபத்தில் நண்பர்களுக்குப் போட்டுக்காட்ட இந்த வகையில் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ‘மர்டர்ஸ் இன் தி ரூ மோர்க்’ (1932), ‘சார்லி சான் அட் தி சர்க்கஸ்’ (1936), 1954-இல் வந்த ‘ஃபாண்டம் ஆஃப் தி ரூ மோர்க்’, அதே ஆண்டின் ‘கொரில்லா அட் லார்ஜ்’ ஆகிய நான்கையும் யோசித்துவிட்டு, கடைசியாக ‘கொரில்லா அட் லார்ஜ்’ படத்தையே போட்டேன். மறுபடி கேட்டாலும் அதைத்தான் போடுவேன். கொலையாளி யார் என்பதை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை.

மேலோட்டமான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். முதல் இரண்டும் கறுப்பு வெள்ளை, பின்னிரண்டும் கலர், அதுவும் முப்பரிமாணத்தில் எடுத்தவை. 1932 படம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், சான் படம் 72 நிமிடம், மற்றவை ஒன்றரை மணி நேரத்துக்குள். நேரம் யாருக்கும் தடையாக இருக்காது.

1932 படத்தில் பேலா லுகோசி இருக்கிறார், கேமரா கார்ல் ஃப்ராய்ண்ட். ‘மெட்ரோபோலிஸ்’, ‘டிராகுலா’ இரண்டுக்கும் கேமரா பிடித்தவர் அவர். பாரிஸ் கார்னிவல் கூடாரத்தில் ஒரு குரங்கை நிறுத்திக்கொண்டு, மனிதன் எங்கிருந்து வந்தான் என்று லுகோசி பிரசங்கம் செய்யும் காட்சிக்காகவே பார்க்கலாம். ஆனால் மர்மம் என்று எதுவும் இல்லை. யார் கெட்டவன், குரங்கு எதற்கு என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் இன்னொரு தொல்லை. தூரக் காட்சிகளில் கொரில்லா உடை போட்ட ஆள், முகத்தை நெருக்கிக் காட்டும்போது நிஜச் சிம்பன்சி. காட்சி மாறும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இரண்டு மிருகங்களைப் பார்ப்பதுபோல இருக்கும். பயந்துகொண்டிருந்த மனம் அங்கே கலைந்துவிடுகிறது.

‘ஃபாண்டம் ஆஃப் தி ரூ மோர்க்’ வார்னர் பிரதர்ஸ் படம். முந்தைய ஆண்டு ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ முப்பரிமாணத்தில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அதே வழியில் எடுத்தது. கார்ல் மால்டன் நடித்திருக்கிறார். குரங்கு உடைக்குள் சார்ல்ஸ் கெமோரா, பிலிப்பைன்ஸில் பிறந்த கலைஞர். 1932 படத்தில் குரங்காக வந்தவரும் அவரே. இருபது ஆண்டுக்கு மேல் கழித்து அதே கதையில் அதே வேலையை மறுபடி செய்திருக்கிறார், அதுவும் நன்றாகவே. கலரும் உடைகளும் கண்ணுக்கு விருந்து, கொலைகள் அந்தக் காலத்துக்குக் கொடூரம்தான். பிரச்சினை, இரண்டு ‘ரூ மோர்க்’ படங்களுக்கும் அடிப்படையான, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் மூலக்கதை. 1841-இல் வந்த அந்தக் கதையில், கொன்றது ஒராங்குட்டான் என்ற முடிவே பெரிய அதிர்ச்சி. அதைக் கேள்விப்படாத மர்மக்கதை வாசகர் இன்று குறைவு. அதனால் தலைப்பைப் பார்த்ததுமே பாதி விடை கைக்கு வந்துவிடுகிறது. மிருகத்தை யார் ஏவுகிறார்கள் என்ற மீதியும் ரொம்ப நேரம் தாங்கவில்லை.

சார்லி சான் படம்தான் எனக்கு உண்மையான போட்டியாக இருந்தது. துப்பறிவாளர் சான் பன்னிரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சர்க்கஸுக்கு வருகிறார். சர்க்கஸ் பங்குதாரர் ஒருவர் தன் வண்டிக்குள் செத்துக் கிடக்கிறார், சீசர் என்ற கொரில்லா மேல் சந்தேகம் விழுகிறது. தடயம், விசாரணை, பொய் வாக்குமூலம் என்று துப்பறியும் வேலை இந்த நான்கில் மிகச் சுத்தமாக நடப்பது இதில்தான். மூத்த மகனாக வரும் கீ லூக் துறுதுறுவென்று இருக்கிறார். உயரம் குறைந்த கலைஞர்களான ஜார்ஜ், ஆலிவ் பிராஸ்னோ என்ற உடன்பிறப்புகளைக் கேலிப்பொருளாக்காமல் கதைக்குள் மரியாதையாகச் சேர்த்திருப்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் சானாக நடிப்பவர் வார்னர் ஓலண்ட், ஸ்வீடனில் பிறந்த வெள்ளையர். சீனராக வேஷம் கட்டி, உடைந்த ஆங்கிலத்தில் பழமொழி சொல்கிறார். பக்கத்திலேயே கீ லூக் என்ற நிஜச் சீன நடிகர் நிற்கும்போது அது இன்னும் உறுத்துகிறது. இதைத் தாண்டி ரசிக்க முடிகிறவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. என்னால் முழுசாக முடியவில்லை.

சரி, ‘கொரில்லா அட் லார்ஜ்’. இயக்குநர் ஹார்மன் ஜோன்ஸ் எடிட்டராக இருந்து வந்தவர், அதனால் படம் எங்கும் தேங்குவதில்லை. கார்னிவலின் பெரிய ஈர்ப்பு கோலியாத் என்ற கொரில்லா. அதன் தலைக்கு மேலே லவேர்ன் என்ற ட்ரபீஸ் கலைஞி ஊஞ்சலாடுவாள், கீழே அது எட்டிப் பிடிக்கப் பார்க்கும். கூட்டம் அலறும். லவேர்னாக ஆன் பேன்கிராஃப்ட், பின்னாளில் ‘தி மிரக்கிள் வொர்க்கர்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். அவள் கணவனும் கார்னிவல் முதலாளியுமாக ரேமண்ட் பர், போலீஸ் அதிகாரியாக லீ ஜே. காப், கூண்டுப் பக்கம் காவல் நிற்கும் போலீஸ்காரராக லீ மார்வின். காப்பும், ‘ஃபாண்டம்’ படத்தின் மால்டனும் அதே 1954-இல் வந்த ‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பட்டியலில் நின்றவர்கள். இப்படிப்பட்ட ஆட்கள் ஒரு கொரில்லாக் கதைக்குள் இவ்வளவு முனைப்போடு நடிப்பதே ஒரு சுவை.

ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்தது நடிகர்களுக்காக இல்லை, அந்தக் கொரில்லா உடைக்காக. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைப் படம் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

மிருகத்தின் மேல் சந்தேகம் விழும் எந்தக் கதையிலும் பார்ப்பவர் மனதில் இரண்டே வழி: ஒன்று மிருகம் கொன்றது, இல்லையென்றால் யாரோ கொன்றுவிட்டு மிருகத்தின் மேல் பழி போடுகிறார்கள். கொஞ்சம் படம் பார்த்தவர் யாராக இருந்தாலும் பத்தாவது நிமிடத்தில் இரண்டாவதற்குத் தாவிவிடுவார், அதோடு கொரில்லா வெறும் அலங்காரப் பொருள். ‘கொரில்லா அட் லார்ஜ்’ கொலைக்கு முன்னாலேயே மூன்றாவது வழி ஒன்றை நம் கண்முன் வைத்துவிடுகிறது. முதலாளி புது நிகழ்ச்சி ஒன்று திட்டமிடுகிறார். கார்னிவலில் வேலை பார்க்கும் ஜோயி என்ற இளைஞன் (கேமரன் மிட்செல்) கொரில்லா உடை போட்டுக்கொண்டு கோலியாத்தின் இடத்தில் வர வேண்டும், லவேர்ன் நிஜக் கொரில்லாவிடம் மாட்டிக்கொண்டதாகக் கூட்டம் நம்ப வேண்டும். ஆக அந்த இடத்தில் நிஜக் கொரில்லா ஒன்று, அச்சு அசலாக அதே மாதிரி ஓர் உடை, அதை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை. கோலியாத்தைப் பழக்கும் கோவாக்ஸுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை, அவன் லவேர்னின் பழைய கணவன் வேறு. இதற்கப்புறம் கழுத்து முறிந்த பிணம் கிடைக்கும்போது, திரையில் ரோமம் தெரிகிற ஒவ்வொரு காட்சியிலும் உள்ளே இருப்பது யார் என்று நாம்தான் கேட்டுக்கொண்டிருப்போம். சான் படமும் இந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறதுதான், ஆனால் தாமதமாக. இங்கே சீட்டு முதலிலேயே மேஜைமேல் திறந்து கிடக்கிறது, அப்படியும் நம்மைக் குழப்புகிறார்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்துக் கொரில்லாப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம், உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும். இந்தப் படத்தின் ‘நிஜ’ கோலியாத்தும் ஆள்தான், ஜார்ஜ் பேரோஸ். ‘ரோபாட் மான்ஸ்டர்’ படத்தில் கொரில்லா உடம்பும் நீர்மூழ்கித் தலைக்கவசமுமாக வந்தவர். நிஜமும் உடை, போலியும் உடை என்பதால் இரண்டையும் கண்ணால் பிரிக்க வழியே இல்லை. மற்ற படங்களை உடைத்துப்போட்ட குறை இங்கே புதிருக்கு உதவி செய்கிறது. திட்டமிட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்பதைவிட, பார்க்கும்போது அது வேலை செய்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

இடமும் உதவுகிறது. கலிஃபோர்னியாவில் லாங் பீச் கடற்கரையில் இருந்த நூ-பைக் கேளிக்கைப் பூங்காவில் எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்த ‘சைக்ளோன் ரேசர்’ என்ற மர ரோலர் கோஸ்டர் முக்கியமான இடத்தில் வருகிறது. 1968-இல் அதை இடித்துவிட்டார்கள், அதனால் இந்தக் கலர்க் காட்சிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. மற்ற மூன்றிலும் இப்படி ஒரு நிஜக் கார்னிவலுக்குள் நிற்கிற உணர்வு எனக்கு வரவில்லை.

குறைகளும் உண்டு. வசனம் பல இடங்களில் தட்டை, ஜோயியின் காதல் பகுதி பலமில்லை, கொரில்லா என்ற பிராணியைப் பற்றிய பார்வை முழுக்கத் தவறு. காட்டில் அது இலை தழை தின்று வாழும் ஒதுங்கிய மிருகம், இந்த நான்கு படங்களுமே அதை அரக்கனாக்கியவைதான். முப்பரிமாணம் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 1954 படங்கள் இரண்டையும் சாதாரணத் திரையில்தான் பார்த்திருக்கிறேன், கண்ணாடி போட்டுப் பார்த்தால் ‘ஃபாண்டம்’ மேலே வந்துவிடவும் கூடும். எதிரே பார்த்துக் கையை நீட்டும் காட்சிகள் இரண்டிலும் இருக்கின்றன, சாதாரணத் திரையில் அவை வெறுமனே நீண்டு நிற்கின்றன.

வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் சான் படம் போடலாம், ஓலண்ட் விஷயத்தைப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு. நிழலும் வெளிச்சமும் பிடித்தவர்கள் 1932 படத்துக்குப் போகலாம், மர்மத்தை எதிர்பார்க்காமல். ‘கொரில்லா அட் லார்ஜ்’ பார்ப்பதாக முடிவு செய்தால் அதன் கதைச்சுருக்கத்தை எங்கேயும் படித்துவிடாதீர்கள், பெரும்பாலான சுருக்கங்கள் இரண்டாவது பத்தியிலேயே கொலையாளியின் பெயரைப் போட்டுவிடுகின்றன.