செல், ஊக்கு, சைக்கிள் ட்யூப்: புனே குழுவின் வீடியோக்கள்

யூடியூபில் மோட்டார் செய்து காட்டுகிற வீடியோக்களில் நிறைய டுபாக்கூர். மேஜைக்கு அடியில் இன்னொரு பேட்டரி ஒளிந்திருக்கும். கோவை கணபதியில், மோட்டாருக்குள் செம்பு வயரைச் சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவனை அப்படி ஏமாற்ற முடியாது. அதனால் எட்டாவது படிக்கும் மகள், அரவிந்த் குப்தாவின் புனே குழு எடுத்த மோட்டார் வீடியோ ஒன்றைப் போனில் நீட்டி “அப்பா, இது நிஜமாவே ஓடுமா?” என்றபோது குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் வாங்கிப் பார்த்தேன். ஓடும். அதுவும் ஒழுங்கான முறையில் ஓடும்.

டார்ச்சுக்குப் போடும் பெரிய செல் ஒன்று, இரண்டு ஊக்கு, சைக்கிள் ட்யூபில் வெட்டிய அகலமான ரப்பர் பட்டை, ஒரு வட்டக் காந்தம், ஒரு மீட்டர் அளவுக்கு எனாமல் வயர் (கரண்ட் கடக்காத பூச்சு பூசிய செம்புக் கம்பி). இவ்வளவுதான் சாமான். செல்லின் இரண்டு முனையிலும் ஊக்கை வைத்துப் பட்டையால் இறுக்குகிறார்கள். காந்தம் செல்லின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. வயரைச் சுற்றிக் காயிலாக்கி, நுனிகளை ஊக்கின் வளையத்தில் மாட்டி விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான், சுழல ஆரம்பிக்கிறது.

எனக்குப் பிடித்தது நுனியைச் சுரண்டும் இடம். எனாமலை முழுக்க எடுக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டால், அரைச் சுற்றுப் போனதும் இழுப்பு எதிர்த்திசைக்கு மாறி, காயில் அங்கேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நிற்கும். எனாமல் இருக்கும் பக்கம் ஊக்கில் படும்போது கரண்ட் அறுந்துவிடுவதால், ஓடி வந்த வேகத்திலேயே மீதிச் சுற்றைக் கடந்துவிடுகிறது. மிக்சி மோட்டாரில் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் சேர்ந்து பார்க்கிற வேலை இது. அங்கே கரண்டின் திசையைத் திருப்புகிறோம், இங்கே அந்த அரைச் சுற்றுக்கு நிறுத்திவைக்கிறார்கள். கடைக்கு வேலை பழக வரும் பையன்களுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்கப் பாடுபடுகிற விஷயம். இவர்கள் ஒரு ஊக்கை வைத்து முடித்துவிட்டார்கள்.

யார் இந்த ஆட்கள் என்று தேடினேன். முதல் ஆள் அரவிந்த் குப்தா. 1975இல் கான்பூர் ஐஐடியில் மின்பொறியியல் முடித்து, லாரி செய்யும் டெல்கோவில் சேர்ந்தவர். 1978இல் லீவு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பக்கம் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்துக்குப் போயிருக்கிறார். அங்கேதான் சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி முக்கோணம், சதுரம் என்று கட்டும் யோசனை பிறந்திருக்கிறது. சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ் அடிக்கும் வெல்டர் கை அனுபவத்தில் வைத்திருக்கிற பாடம் இது.

2003இல் அவர் புனேயில் உள்ள ஆயுகா என்ற வானியல் ஆய்வு மையத்தின் குழந்தைகள் அறிவியல் பிரிவுக்கு வந்தார். அசோக் ருப்னர், விதுலா மைஸ்கர் ஆகியோரோடு சேர்ந்து 2014 வரை அங்கே செய்தவைதான் நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பகுதி. பிறகு மனிஷ் ஜெயின் என்பவர் அந்தக் குழுவிலிருந்து போய், காந்திநகர் ஐஐடியில் இதே மாதிரி ஒரு மையத்தை ஆரம்பித்தார். 2018இல் குப்தாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பல வீடியோக்களின் கீழே டாடா டிரஸ்டுக்கு நன்றி போட்டிருக்கிறது. பார்ப்பவரிடம் சந்தா, கட்டணம் எதுவும் கேட்பதில்லை. குப்தாவின் இணையதளத்தில் புத்தகங்களும் இலவசம்தான்.

சினிமாக்காரர்கள் பொம்மை செய்யக் கற்றுக்கொண்டு எடுத்த படங்கள் இல்லை இவை. பொம்மை செய்யத் தெரிந்தவர்கள் கேமராவைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், அது பார்த்ததுமே தெரிகிறது. படத்தில் பெரும்பாலும் கைகள்தான், முகம் தேடினாலும் அதிகம் கிடைக்காது. எந்த விரல் எதைப் பிடித்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிற கோணம். வேலை தெரிந்தவனுக்குத்தான் கேமராவை அங்கே வைக்கத் தோன்றும்.

குறை இல்லாமல் இல்லை. பல வீடியோக்கள் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. எப்படி என்பது வருகிறது, ஏன் என்பது போதவில்லை. பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது. தமிழில் பேசும் வீடியோக்கள் இருக்கின்றன, ஆனால் இந்தியில் இருக்கும் அளவுக்கு இல்லை. இணையதளமோ நீளமான பட்டியல், பொறுமை வேண்டும். அப்புறம், சில சாமான்கள் இன்றைக்குக் கிடைக்காது. கேமரா பிலிம் டப்பாவில் ஒரு பம்ப் செய்கிறார்கள், நல்ல பம்ப். பிலிம் டப்பாவுக்கு எங்கே போவது? மகள் மாத்திரை டப்பாவில் செய்தாள். வாஷர் சரியாக உட்காரவில்லை. நான் கொஞ்சம் தடிமனான ட்யூபில் வெட்டிக் கொடுத்த பிறகு தண்ணீர் வந்தது.

மோட்டார் செய்பவர்களுக்கு ஒன்று. காயில் சுற்றாமல் நின்றுவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள். அந்தச் சின்ன காயிலுக்கு ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கும் தன்மை, ரொம்பக் குறைவு, கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரிதான், செல் சூடாகிவிடும். குழந்தைகளைத் தனியாக விட வேண்டாம். வயருக்குக் கடையில் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. பக்கத்தில் காயில் கட்டுபவரிடம் போய்க் கேட்டால் கழிவில் ஒரு துண்டு தருவார், நானும் தருவேன்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஸ்ட்ரா பீப்பியில் ஆரம்பிக்கலாம். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவின் ஒரு நுனியைப் பல்லால் தட்டையாக்கி, இரண்டு ஓரத்தையும் சாய்வாக நறுக்கி ஊதினால் சத்தம் வரும். ஒருவர் ஊதிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கடைசிப் பக்கத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வந்தால் சுருதி ஏறிக்கொண்டே போகும். வெட்டும் கை பெரியவர்களுடையதாக இருக்கட்டும், கத்தரிக்கோல் மூக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும்.