இசபெல்லா பிளான்டேஷன்: அம்மாவோடு அசேலியா பார்க்கப் போனேன்

லண்டனில் நுழைவுக் கட்டணம் இல்லாமல் பார்க்கக்கூடிய இடங்களில், வசந்தகாலத்துக்கு என் முதல் சிபாரிசு ரிச்மண்ட் பூங்காவுக்குள் இருக்கும் இசபெல்லா பிளான்டேஷன்தான். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவை ஏப்ரல் கடைசியில், ஒரு வேலைநாள் காலையில் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் பாதைகள் சக்கர நாற்காலி உருளும் அளவுக்குச் சமமாக இருக்கின்றன, உட்கார பெஞ்சுகளும் நிறைய.

1831ல் வேலி போட்டு ஓக், பீச் மரங்களை நட்ட தோப்பு இது. இப்போது பார்க்கும் தோட்டத்தை 1950களில்தான் அந்த மரங்களுக்கு அடியில் உருவாக்கினார்கள். அசேலியா என்ற பூக்கும் புதர்ச்செடிக்கு வேண்டிய எல்லாமே இங்கே அமைந்திருக்கிறது: வடிகட்டிய வெயில், இலை மக்கிய மண், பக்கத்திலேயே ஓடைத் தண்ணீர். பூங்காவில் திரியும் மான்கள் உள்ளே வந்து செடிகளை மேயாதபடி வேலியும் கதவும் உண்டு. நுழைந்ததும் கதவை மறக்காமல் சாத்திவிடுங்கள்.

நேரம் குறைவென்றால் ஸ்டில் பாண்ட் குளத்துக்கு முதலில் போங்கள். கரையைச் சுற்றி இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை. ஒரு இலைகூடக் கண்ணில் படாத அளவுக்குப் பூ. தண்ணீரிலும் அதே நிறங்கள். இந்தத் தோட்டத்தில் ஜப்பானின் குருமே அசேலியா வகைகள் 50 இருக்கின்றன. எர்னஸ்ட் வில்சன் என்ற தாவர சேகரிப்பாளர் தேர்ந்தெடுத்து மேற்கு நாடுகளுக்குக் கொண்டுவந்தவை அவை.

“இவ்வளவு பூத்தும் வாசனையே இல்லையே?” என்றார் அம்மா. மல்லிகை ஊர்க்காரர், கேட்கத்தானே செய்வார்! குருமே வகைக்கு மணம் கிடையாது. அப்புறம் இலையுதிர் வகையின் மஞ்சள் அசேலியா ஒன்று கண்ணில் பட்டது. அதன் பக்கத்தில் மூக்கை நீட்டியவர் அங்கிருந்து நகரவே மனமில்லாமல் நின்றார். ஓடைக்கரையோடு நின்றுவிடாமல் அதையும் தேடிப் பாருங்கள்.

குறை என்றால் கூட்டம்தான். சீசனில் சனி, ஞாயிறு மதியம் கார் நிறுத்த இடம் பிடிப்பது பெரும்பாடு. படம் எடுக்கிற ஆசையில் சிலர் பாத்திக்குள் இறங்கிவிடுகிறார்கள். அசேலியாவின் வேர் மண்ணின் மேலாக ஓடுவது, மிதித்தால் தாங்காது. தோட்டத்துக்குள் டீக்கடை இல்லை. நாங்கள் பிளாஸ்க்கில் காபியும் டப்பாவில் புளியோதரையும் கொண்டுபோனோம்.

ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் சரியான சமயம். குளிர் நீண்ட வருஷங்களில் கொஞ்சம் தள்ளிப்போகும்.

பார்த்துவிட்டு வீட்டில் ஒன்று வைக்க ஆசை வந்தால், அமிலத்தன்மையுள்ள மண்கலவையில் தொட்டியில் வையுங்கள். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ஊற்றிக்கொண்டே வந்தால் இலை மஞ்சளாகிவிடும். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள்.